நாலு பின்னேரம் நான் இறக்கிய சுவிட்ச்

அல்சைமர் நோய் எலிக்குத் தானாக வராது. நாங்கள்தான் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்கும் இடத்தில் எட்டு வருடமாக எலிக்கூண்டு கழுவுகிறேன். பல்கலைக்கழகத்தில் வேலை என்று சொன்னால் ஊரில் கதிரை எடுத்துப் போடுகிறார்கள். எலிக்கூண்டு கழுவுகிறேன் என்று சொன்னால் அதே கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போடுகிறார்கள்.

எங்கள் வீடு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். முதல் பஸ்ஸில் பாலம் கடந்து வந்து ஏழு மணிக்கு எலி அறையைத் திறப்பேன். உள்ளே வெள்ளைச் சுண்டெலிகள். கூண்டுக்குப் போடுவது உமி. மில்லில் இருந்து சாக்கில் வரும் உமியை வெயிலில் காயவைத்து, கல்லும் கறுக்காய் நெல்லும் பொறுக்கிப் போட்டுவிட்டுத்தான் கூண்டில் பரப்புவேன். ஈர உமி போட்டால் எலிக்குச் சளி பிடிக்கும். படித்தவர்களுக்கு இதை நான்தான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கூண்டு மூடியைச் சரியாக மூடாமல் போகிறவர்களை நான் விடுவதில்லை. பட்டம் எத்தனை இருந்தாலும் ஏசுவேன்.

போன வருடம் ஏறாவூரில் இருந்து ஒரு பிள்ளை ஆராய்ச்சிக்கு வந்தாள். மெலிந்த பிள்ளை. மூடியைச் சரியாக மூடினாள். அதனாலேயே அவளுடன் கதைக்கத் தொடங்கினேன்.

"எலியின்ட மண்டைக்குள்ள ஊசி போடப் போறியாம்?"

"ஓம் அக்கா."

"அது உனக்கு என்ன பாவம் செஞ்சது?"

அவள் கோபிக்கவில்லை. உமிச் சாக்கில் உட்கார்ந்து விளங்கப்படுத்தினாள். எங்கள் பக்கம் வயதானவர்கள் ஆளைத் தெரியாமல், வீட்டைத் தெரியாமல் போனால் அறளை பெயர்ந்துவிட்டது என்போம். நோய் என்று யாரும் சொல்வதில்லை, மருந்துக்கும் கொண்டு போவதில்லை. அப்படியானவர்கள் பலரின் மூளைக்குள் ஒரு புரதம் கட்டிபட்டுக் கிடக்கும் என்றாள். அந்தப் புரதத்தைத் தூளாக வெளிநாட்டில் இருந்து எடுப்பித்து, கரைத்து, எலியின் மூளையில் நினைவு தங்கும் இடத்தில் நேரே ஒரு துளி விட்டால் எலிக்கு மறதி வரும். மறந்த எலிக்கு வல்லாரைச் சாறு கொடுத்துப் பார்க்க வேண்டும். அதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

"முதல் மறக்க வைக்கணும் அக்கா. மறக்காத எலிக்கு வல்லாரை குடுத்து என்ன செய்யிற?"

"நீங்க ஆக்கள அடிச்சுப் போட்டு மருந்து கட்டிற கூட்டம்."

"அப்பிடித்தான்," என்று சிரித்தாள்.

ஊசி போடும் நாட்களில் நான் பக்கத்தில் நின்றேன். மயக்கிய எலியை எடுத்துக் கொடுப்பதும் பிறகு சூடு காட்டிக் கண் விழிக்க வைப்பதும் என் வேலை. இரும்புச் சட்டம் ஒன்று இருக்கிறது. இரண்டு பக்கக் காதுக்குள்ளும் மெல்லிய கம்பியைக் கொடுத்து, பல்லைக் கொக்கியில் மாட்டினால் தலை மயிரளவும் அசையாது. தலைத்தோலைக் கீறினால் மண்டையோட்டில் கோடுகள் சந்திக்கும் இடம் தெரியும். அங்கிருந்து அளந்து, சின்ன டிரில்லால் துளை போட்டு, ஊசியை இறக்கி, துளியை விட்டுவிட்டு ஊசியை அப்படியே ஐந்து நிமிடம் வைத்திருக்க வேண்டும். உடனே எடுத்தால் மருந்து ஊசியோடு மேலே வந்துவிடும். அந்த ஐந்து நிமிடமும் அவள் மூச்சு விடுகிறாளா என்று நான் பார்ப்பேன். அவளுடைய கை, கல்லில் செய்து வைத்த கை.

பாதி எலிகளுக்குப் புரதம். மற்றப் பாதிக்கு அதே துளை, அதே ஊசி, வெறும் உப்புத் தண்ணீர். ஊசி குத்தியதால் வந்த மறதி எது, புரதத்தால் வந்த மறதி எது என்று பிரித்துப் பார்ப்பதற்காம்.

இரண்டு கிழமை கழித்து நீச்சல். பெரிய வட்டத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, வெள்ளைச் சாயம் கலந்துவிடுவோம். தண்ணீருக்கு ஒரு விரல் கீழே சின்ன மேடை ஒன்று ஒளிந்திருக்கும். சுவரில் முக்கோணம், சிலுவை, வட்டம் ஒட்டியிருக்கும். எலி நீந்தித் தேடி ஒருநாள் மேடையைக் கண்டுபிடித்தால், அடுத்த நாள் சுவரைப் பார்த்து நேரே அங்கே போகும். வாவியில் தோணி விடுகிறவர்கள் கரையில் கோயிலையும் தென்னையையும் பார்த்து இடம் பிடிப்பது போலத்தான். மறந்த எலி சுற்றிச் சுற்றி நீந்தும்.

ஒரு எலியும் சுற்றவில்லை. உப்புத் தண்ணீர் எலியும் புரத எலியும் ஒரே மாதிரி மேடைக்குப் போய் ஏறி, முகத்தைத் துடைத்துக்கொண்டு இருந்தன.

"கெட்டிக்கார எலிகள்," என்றேன். "வருசா வருசம் வெள்ளம் வாற ஊரில பிறந்ததுகள். வேற எப்பிடி நீந்தும்?"

அவள் சிரிக்கவில்லை. ஐந்து நாளும் அதேதான். ஆறாம் நாள் அவளுடைய பேராசிரியர் வந்தார். நான் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஆட்கள் என்னை வைத்துக்கொண்டே கதைப்பார்கள். தொட்டி கழுவுகிறவளுக்குக் காது இல்லை என்ற நினைப்பு.

"புரதத்தை எப்பிடி வச்சனீங்க?"

"நாலு நாள் முப்பத்தேழு டிகிரியில இன்குபேட்டரில வச்சன் சேர். கட்டிபட்ட பிறகுதான் போட்ட."

"அப்ப கைதான். ஊசி இடம் மாறி இறங்கியிருக்கு. இது எல்லாருக்கும் வாற கை இல்ல. நீங்க தலைப்பை மாத்துறது நல்லம். எலி வேண்டாம். தட்டில உயிர்க்கலங்களை வளர்த்துச் செய்யுற மாதிரி ஏதாவது பாப்பம்."

அவள் ஓம் சேர் என்றாள். அவர் போனபிறகு தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஊசி இறங்கும்போது பக்கத்தில் நின்றது நான். அவர் ஒருநாள்கூட வரவில்லை. ஆனால் நான் என்ன சொல்ல? எலிக்கூண்டு கழுவுகிறவள் கையைப் பற்றிச் சாட்சி சொன்னால் யார் எழுதுவார்கள்?

இதற்குள் நான் செய்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கம் மாரிக்கு முந்திய மாதங்களில் பின்னேரம் மூன்று மணிக்கு இடி தொடங்கும். இடி கேட்டால் வீட்டில் எல்லா பிளக்கையும் இழுப்பது பிள்ளைக்கும் தெரிந்த பழக்கம். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் கட்டிடத்தில் மின்னல் இறங்கி ஒரு மெஷின் கருகிப் போனது. கடைசியாகக் கதவு பூட்டியது யார் என்று கேட்டார்கள். நான்தான். விளக்கக் கடிதம் மூன்று தரம் எழுதினேன். அதற்குப் பிறகு இடி முழங்கி, மற்றவர்கள் மழைக்கு முந்தி வீட்டுக்குக் கிளம்பியதும், நடைவழியில் இருக்கும் சுவிட்சுப் பெட்டியைத் திறந்து அந்த வரிசை ஆய்வுகூடங்களின் சுவிட்ச் எல்லாவற்றையும் இறக்கிவிடுவேன். ஃபிரீசருக்கும் எலி அறைக்கும் வேறு லைன், அதைத் தொடமாட்டேன். நாலரை மணிக்கு எனக்கு பஸ், அதற்குள் இடி ஓயாது. காலை ஏழு மணிக்கு வந்ததும் சுவிட்சை ஏற்றுவேன். மற்றவர்கள் எட்டரைக்கு வரும்போது எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். இதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் யாரிடமும் சொன்னதில்லை. மெஷினைக் காப்பாற்றுகிறேன் என்ற பெருமை மட்டும் இருந்தது.

பேராசிரியர் வந்துபோன அந்தக் கிழமை வீட்டில் கோழிக்குஞ்சு பொரிக்க வேண்டும். என் கணவர் மோட்டார் சைக்கிளில் மீன் விற்கிறவர். காலை வாவி மீன், மத்தியானத்துக்குப் பிறகு கோழி. பல்ப் போட்ட பலகைப் பெட்டி ஒன்றை அவரே செய்து முட்டை அடுக்கியிருந்தார். இருபத்தொரு நாளும் போய் இருபத்துமூன்றும் போனது. ஒரு முட்டையும் வெடிக்கவில்லை. சனிக்கிழமை காலை ஒன்றை உடைத்துப் பார்த்தார். பாதி உருவான குஞ்சு, செத்துக் கிடந்தது.

"இந்தப் பெட்டியின்ட பிளக்க இழுத்தது ஆரு?"

"நான்தான். இடி இடிச்சா இழுக்காம பாத்துக்கிட்டு இரிக்கவா?"

"எத்தின நாள்?"

"இடிச்ச நாளெல்லாம்."

"திரும்ப எப்ப போட்ட நீ?"

"விடிய."

அவர் என்னைப் பார்த்தார். சத்தம் போடுகிற மனிதர் இல்லை. "இழு. ஆனா எனக்கு ஒரு சொல்லுச் சொல்லு. மீன் பெட்டி சும்மாதானே கிடக்கு. ரிஜிஃபோம் பெட்டி ஐஸையும் காக்கும், சூட்டையும் காக்கும். சுடுதண்ணிப் போத்தில் நாலு வச்சு முட்டைய அதுக்குள்ள அடுக்கியிருப்பன். முப்பத்தேழரையில நிக்கவேண்டிய சாமான். சூடு விட்டு விட்டு வந்தா உருவாகுமா?"

முப்பத்தேழரை.

நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். அவர் பின்னாலே வந்து, "முட்டைக்கு இப்பிடிக் கவலப்படுற ஆளா நீ? சரி விடு, மறுகா வைப்பம்," என்றார்.

"முட்டை இல்ல," என்றேன். "நான் ஒரு பிள்ளையின்ட படிப்பக் கூழாக்கிப்போட்டன்."

அவள் புரதத்தை இன்குபேட்டரில் வைத்த கிழமை எனக்கு நன்றாக ஞாபகம். நாலு பின்னேரமும் இடி. நாலு பின்னேரமும் நான் சுவிட்சை இறக்கினேன். பின்னேரம் மூன்றில் இருந்து காலை ஏழு வரை புரதம் இருந்த குப்பி சூடில்லாமல் கிடந்தது. மருந்து என்றால் குளிரில் வைப்பது என்றுதான் எட்டு வருடமாகப் பார்த்திருக்கிறேன். சூட்டில் வைக்க வேண்டிய மருந்தும் உண்டு என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதைவிட, சுவிட்சை இறக்க முன் அந்த அறைக் கதவைத் திறந்து பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. திறந்திருந்தால் இன்குபேட்டர் கதவில் "நாலு நாளைக்கு அணைக்க வேண்டாம்" என்று அவள் ஒட்டிய கடதாசி தெரிந்திருக்கும்.

ஞாயிறு முழுக்க யோசித்தேன். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியவராது. இதையும் எழுதத்தான் வேண்டும். எல்லோரையும் கவனமில்லாதவர்கள் என்று ஏசுகிற நான், என் வாயால் இதைச் சொன்ன அடுத்த நாளில் இருந்து யாரை ஏச முடியும்? அந்தக் கேவலமான கணக்கையும் போட்டுப் பார்த்தேன். ஆனால் அவள் கையை விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றது கண்ணை விட்டுப் போகவில்லை.

திங்கள் காலை அவள் தன் சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

அவள் போத்தல் ஒன்றைக் கையில் பிடித்தபடி திரும்பினாள்.

"நாலு நாளுமா அக்கா?"

"நாலு நாளும்."

"நான் காலையில வந்து பாத்தா முப்பத்தேழு எண்டுதானே காட்டிச்சு."

"ஏழு மணிக்கு நான் போட்டா எட்டரைக்குக் காட்டும்தானே."

கையில் இருந்த போத்தலை மேசையில் வைத்தாள். "ரெண்டு நாளா உம்மா என்னோட கதைக்க வந்தா நான் அறைய மூடிக்கிட்டு இரிக்கன். என்ட கையப் பாத்துப் பாத்து இரிக்கன். நீங்க எங்கள எத்தின தரம் ஏசியிருப்பீங்க? மூடி சரியில்ல, செருப்பு வெளியில, கை கழுவல்ல. ஒரு தரம் அந்தக் கதவத் திறந்து பாத்திருந்தா என்ன அக்கா?"

"ஓம்," என்றேன்.

"ஓம் எண்டா?"

"நீ சொல்றது சரி எண்டு அர்த்தம். ஏசுறதெண்டா இன்னும் ஏசு. மறுகா சேரிட்டப் போவம். நேரம் போனா அவர் வகுப்புக்குப் போயிருவார்."

அவள் ஏசவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

பேராசிரியர் முழுவதும் கேட்டார். பிறகு மேசையில் பேனாவால் தட்டிக்கொண்டு சொன்னார். "இதுதான் காரணம் எண்டு அடிச்சுச் சொல்லேலாது. இல்ல எண்டும் சொல்லேலாது. ஒண்டு சொல்லுறன். இந்தக் கட்டிடத்தில தானா வந்து பிழையைச் சொன்ன முதல் ஆள் நீங்கதான்."

"அப்ப ரெண்டாவது ஆளா நீங்க வாங்க சேர். இந்தப் பிள்ளையின்ட கை பிழை எண்டு சொன்னது நீங்க. கையப் பாத்தது நான்."

அவள் என் சேலையைப் பின்னால் பிடித்து இழுத்தாள். பேராசிரியர் பேனாவை வைத்துவிட்டார். அவருடைய காது சிவந்தது. கத்தப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஊசி போன இடத்தைப் பாக்கலாம்," என்றார். "நான் முதலே அதைப் பாத்திட்டுக் கதைச்சிருக்கோணும்."

அந்த எலிகளைக் கொன்றுதான் பார்க்க வேண்டும். எப்படியும் கடைசியில் அதுதான் அவற்றின் முடிவு, எனக்கு அது தெரியும், எட்டு வருடமும் தெரியும். அன்றைக்கும் நான் வெளியே போய் நின்றேன். பிறகு அவள் என்னைக் கூப்பிட்டு நுணுக்குக்காட்டியில் பார்க்கச் சொன்னாள். மெல்லிய சீவலாக மூளை. நீலச் சாயத்தில் ஊசி போன தடம் நேர்கோடாக இறங்கி, நினைவு தங்கும் அந்த வளைந்த பட்டையின் நடுவில் நின்றது. எலிக்கு எலி அதே இடம். பேராசிரியர் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, அவளிடம், "கையில ஒரு பிழையும் இல்ல," என்றார். அதைச் சொல்ல அவருக்கு அவ்வளவு நேரம் எடுத்தது. ஆனாலும் சொன்னார்.

தூளில் பாதியை அவள் ஃபிரீசரில் மிச்சம் வைத்திருந்தாள். அது ஒரு தரத்துக்குத்தான் காணும். புதிய எலிகளுக்கு அனுமதி கேட்டு எழுதினார்கள். முதல் தடவை நடந்ததை அப்படியே எழுத வேண்டும் என்று அவள் பிடிவாதமாக நின்றாள். எலி அறைப் பதிவுப் புத்தகத்தில் நானும் எழுதினேன். "நான்கு நாட்களும் பின்னேரம் நானே சுவிட்சை இறக்கினேன்." கையொப்பம் வைத்தேன். விளக்கக் கடிதம் போல மூன்று தரம் எழுத வேண்டியிருக்கவில்லை. உண்மை என்றால் ஒரு தரம் காணும்.

அனுமதி வந்தபோதும் இடி நிற்கவில்லை. மின்னலுக்கு இன்குபேட்டரைப் பலி கொடுக்கவும் முடியாது, குப்பியைக் குளிர விடவும் முடியாது. நான் வீட்டில் இருந்து மீன் பெட்டியைக் கொண்டு வந்தேன். சோப் போட்டு மூன்று தரம் கழுவியும் அது மீன் பெட்டியாகவே இருந்தது.

"அக்கா, எலிக்கு மறதி வருதோ இல்லையோ, மணலைமீன் வாசம் வரும்."

"குப்பிக்கு மூடி இரிக்கி. உன்ட மூக்குக்குத்தான் மூடி இல்ல."

முதல் நாள் இடி இல்லை. இரண்டாம் நாள் இரண்டரைக்கே வானம் கறுத்தது. கன்டீனில் ஃபிளாஸ்க் நிறையச் சுடுதண்ணீர் வாங்கி வைத்திருந்தோம். முழக்கம் கேட்டதும் அவள் குப்பியை எடுத்தாள், நான் சுவிட்சை இறக்கினேன். பெட்டிக்குள் நாலு போத்தல், நடுவில் குப்பி, ஒரு துளையால் தேர்மோமீட்டர். முப்பத்தேழு. அரை டிகிரி இறங்கினால் ஒரு போத்தலை மாற்றுவோம். நாலரை பஸ் போனது. ஐந்தரைக்கு இடி ஓய்ந்தது. சுவிட்சை ஏற்றி, இன்குபேட்டர் சூடாகும் வரை பார்த்திருந்து, குப்பியைத் திரும்ப வைத்தோம். என் கணவர் வாசலில் மோட்டார் சைக்கிளோடு நின்றார்.

"குஞ்சு பொரிச்சிட்டா?" என்று கேட்டார்.

"இன்னும் ரெண்டு நாள் மாமா," என்றாள் அவள். அவரை அவள் அன்றைக்குத்தான் முதல்முதல் பார்த்தாள்.

நாலாம் நாளும் அப்படியே இடித்தது. அப்படியே பெட்டி. ஐந்தாம் நாள் காலை குப்பியை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். தெளிவாக இருந்த தண்ணீரில் லேசான கலங்கல். முதல் தடவை இந்தக் கலங்கல் இருந்ததா என்று கேட்டேன். இருந்தது என்று நினைத்துக்கொண்டேன் அக்கா என்றாள்.

ஊசி போட்டோம். இரண்டு கிழமை பார்த்திருந்தோம். தொட்டியை நிரப்பினோம். எந்த எலிக்கு எது போட்டது என்று எனக்கும் தெரியாது, நீச்சலின்போது அவளுக்கும் தெரியாது. வாலில் இலக்கம் மட்டும்தான். பட்டியல் பேராசிரியரின் மேசை லாச்சிக்குள்.

மூன்றாம் நாள், ஒரு எலி. தண்ணீரில் விட்டதும் சுவரோடு சுவராக நீந்தத் தொடங்கியது. முக்கோணத்தைக் கடந்தது, சிலுவையைக் கடந்தது, திரும்பவும் முக்கோணம். மேடைக்கு ஒரு சாண் பக்கத்தால் போனது. முந்திய நாள் அதே மேடையில் ஏறி இருந்த எலி. அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள், நோகுமளவுக்கு. அடுத்ததும் அப்படி. அதற்கடுத்த எலி நேரே போய் ஏறியது. பிறகு திரும்பவும் ஒன்று சுற்றியது. லாச்சியைத் திறக்க முன்னமே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

சந்தோஷப்பட்டேன். ஒரு சின்ன உயிர் வழி தெரியாமல் தண்ணீரில் சுற்றுவதைப் பார்த்து சந்தோஷப்பட்டேன். அது எனக்குப் பிடிக்கவில்லை. இப்போதும் பிடிக்கவில்லை. இது அநியாயம் இல்லை என்று யாராவது எனக்கு விளக்கம் சொல்ல வந்தால் கேட்கமாட்டேன். அநியாயம்தான். அதைச் செய்தால் வீணாகப் போகாமல் செய்ய வேண்டும். முதல் தடவை எலிகளை நான் வீணாக்கினேன். அந்தக் கணக்கு என் பக்கம்தான் நிற்கிறது.

தொட்டியில் ஒரு முறை இருக்கிறது. ஒரு நிமிடத்துக்குள் மேடையைக் காணாத எலியை அப்படியே விடுவதில்லை. கையால் மெல்ல வழிகாட்டிக் கொண்டுபோய் மேடையில் ஏற்றி, பதினைந்து விநாடி அதில் இருக்க விட வேண்டும். சுற்றிப் பார்க்கட்டும், சுவரைப் பார்க்கட்டும் என்று. பிறகுதான் எடுத்துத் துடைப்பது. அந்தப் பதினைந்து விநாடியும் நான் துவாயோடு நிற்பேன். நனைந்து, நடுங்கி, மீசையை ஆட்டிக்கொண்டு அது நாலு பக்கமும் பார்க்கும்.

இப்போது வல்லாரை தொடங்கியிருக்கிறது. புதிய தூள் எடுப்பித்து, புதிய எலிகளுக்கு ஊசி போட்டோம். வல்லாரையை வயல் வரம்பில் இருந்து நானே பிடுங்கி வருகிறேன். அவள் அரைத்து வடித்து அளந்து கொடுக்க, பேராசிரியர் தன் பட்டியல்படி தினமும் பாதி எலிகளின் வாய்க்குள் அதையும் மற்றப் பாதிக்கு வெறும் தண்ணீரையும் விடுகிறார். வேலை செய்யுமா என்று தெரியாது. செய்யும் என்று இப்போதே சொல்கிறவனை நம்பமாட்டேன்.

சுவிட்சுப் பெட்டியில் நான் ஒரு கடதாசி ஒட்டியிருக்கிறேன். "இறக்க முன் எல்லா அறையையும் திறந்து பார்." எனக்கு நானே எழுதியது. மற்றவர்களும் பார்க்கிறார்கள். மூடி மூடாதவர்களை இன்னும் ஏசுகிறேன். "அக்கா, சுவிட்ச்," என்று யாராவது சொல்லிவிட்டு ஓடுவார்கள். சொல்லட்டும். மூடியை மூடிவிட்டு ஓடட்டும்.

நேற்று நீச்சலின் நாலாம் நாள். வாலில் ஏழாம் இலக்கம் போட்ட எலி. மூன்று நாளும் வழி தெரியாமல், மூன்று நாளும் கையால் ஏற்றப்பட்ட எலி. அரைச் சுற்றுச் சுற்றிவிட்டு நடுத் தொட்டிக்குத் திரும்பியது, கொஞ்சம் தடுமாறியது, சிலுவைப் பக்கம் தலையைத் திருப்பியது. மேடையில் தானாக ஏறியது.

"ஒண்டு ஏறினா ஒண்டும் சொல்லேலாது அக்கா," என்றாள் அவள், நேரத்தை எழுதிக்கொண்டே. "அது எந்தக் கூட்டத்து எலி எண்டும் தெரியாது."

"நான் இப்ப என்ன சொன்னன்?"

"ஒண்டும் சொல்லல்ல. முகம் சொல்லிச்சு."

பதினைந்து விநாடி முடிய, துவாயை விரித்து எலியை எடுத்தேன். வெளியே முழங்கியது. அவள் பேனாவை வைத்துவிட்டு அறைகளைத் திறந்து பார்க்கப் போனாள். நான் எலியைத் துடைத்துக்கொண்டு, அவள் சத்தம் தரும் வரை சுவிட்சுப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன்.